மருந்தும் மெய்யுணர்வும்

தன்னை அறிதல் மனிதன் மேற்கொள்ளும் முயற்சிகள் எல்லாவற்றினும் அரியது. புறப்பொருள்களை அறிவதற்குக் கண் முதலிய கருவிகள் உள. அக்கருவிகளைச் செலுத்தும் அறிவையே அறிவதற்குக் கருவி யாது? இவ்வினாவிற்கு விடையாகத் தியானம், மந்திரம், தவம், தொண்டு என்பவற்றைச் சான்றோர் எடுத்துக் கூறினர். இவற்றோடு மருந்தையும் சேர்த்து எண்ணியவர்களும் உண்டு. பதஞ்சலி முனிவர் யோகசூத்திரத்தின் நான்காம் பாதத்தைத் தொடங்குமிடத்து, சித்திகள் தோன்றும் வாயில்கள் ஐந்து என வகுத்து, பிறப்பு, மந்திரம், தவம், சமாதி என்பவற்றுடன் மூலிகையையும் ஒரு வாயிலாக வைத்தார். ஆகவே, உண்ணும் பொருளொன்று உள்ளத்தின் கதவைத் திறக்குமோ என்பது இன்று நேற்றுத் தோன்றிய வினாவன்று.

ஆயினும், யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்று அவ்வினா நூலறிவின் எல்லையைக் கடந்து இல்லங்களுக்குள் நுழைந்துள்ளது. 2009ஆம் ஆண்டிற் போர் முடிவுற்றபின், பாக்கு நீரிணை வழியாகக் கஞ்சாப் பொதிகள் வடகரையை அடைவதும், அவை கைப்பற்றப்படுவதும் அடிக்கடி செய்தியாகின்றன. அதனைப் புகைக்கும் இளைஞருட் சிலர், ‘இது சிவமூலி, சித்தர் கைக்கொண்ட பொருள்’ எனச் சமயத்தையே சான்றுக்கு அழைப்பதுண்டு. மறுபுறத்திற் பெரியோர் பலர், எல்லாப் பொருள்களையும் ‘போதை’ என்னும் ஒரே சொல்லுள் அடக்கி விலக்கிவிடுகின்றனர். இருசாராரும் பொருளுக்குப் பொருள் உள்ள வேறுபாட்டை நோக்குகின்றிலர். அதனை நோக்கிய பின்னரே அவற்றின் தகுதியையும் தகுதியின்மையையும் துணிதல் கூடும்.

சைவ நூல்களுள் இவ்வினாவை நேர்முகமாக எடுத்து ஆராய்ந்தது திருமந்திரம். அதன் முதலாந் தந்திரத்திற் கள்ளுண்ணாமை என ஓர் அதிகாரம் உண்டு. திருவள்ளுவரும் அப்பெயரால் ஓர் அதிகாரம் வகுத்தாராயினும், அவர் பெரிதும் நோக்கியது ஒழுக்கமும் மானமும் அழிதலை. திருமூலர் நோக்கு வேறு. சத்தியின் அருளைப் பெறும் வழியாகவே கள்ளை ஏற்ற சமயத்தாரும் இருந்தனர். அவர்களை மறுக்குமிடத்து, கள் இழிந்தது என்று கூறிய அளவில் அவர் அமைந்தாரல்லர். கள்ளுண்டவன் தன்னை மறக்கின்றான். மறக்கவே, தான் நாடிய சத்தியையும் இழக்கின்றான் எனக் காரணங் காட்டினார். தன்னை அறியப் புகுந்தவனைத் தன்னை மறக்கச் செய்யும் கருவி, காரியத்தையே கெடுக்கும் கருவியன்றோ? இது நல்லதோர் உரைகல்.

இவ்வுரைகல்லில் முதற்கண் வைக்கத்தக்கன இந்நாட்டார் நன்கறிந்த பொருள்கள். பனங்கள்ளும் சாராயமும் முதலிற் கூச்சத்தை நீக்கிப் பின்னர் அறிவை மங்கச் செய்வன. அபின் நோவையும் கவலையையும் ஆற்றி, உண்டவனை உறக்கத்துள் ஆழ்த்துவது. விடுதற்கரிய பழக்கத்தை விளைப்பது. இவை அறிவை மூடுவன. ஊமத்தை இவற்றினும் கொடியது. வேலியோரங்களில் வளரும் இச்செடியின் வித்திலும் இலையிலும் அத்திரோப்பின், ஸ்கொபொலமின் முதலிய நச்சுப் பொருள்கள் உள்ளன. அவை நாவை வறளச் செய்து, கண்மணியை விரித்து, எதிரில் இல்லாதவரோடு உரையாடும் பிதற்றலை உண்டாக்கும். அவ்வாறு பிதற்றியவன் தெளிந்தபின், நிகழ்ந்தவற்றைப் பெரும்பாலும் நினைவு கூர்வதில்லை. அளவு மிகின் உயிரும் போம். இது அறிவைக் குழப்புவது. ஊமத்தம்பூச் சிவபெருமான் முடியில் ஏறியது, பிறர் ஒதுக்கியதையும் ஏற்றருளும் அவர் பெருமையை உணர்த்துவதாகும். அடியவர் அதனை உண்ணுதற்கு விதியாகாது.

கஞ்சாவின் நிலை இடைப்பட்டது. அதன் மயக்கத்துக்குக் காரணமான பொருளை 1964ஆம் ஆண்டில் இஸ்ரவேல் நாட்டு அறிஞர்களாகிய மெக்குலமும் காவோனியும் பிரித்தெடுத்து அதன் அமைப்பை அறிவித்தனர். அதனை உட்கொண்டவனுக்கு ஓசையும் சுவையும் மிகுந்து தோன்றும், காலம் நீளும், எண்ணங்கள் புதுமையுடையனபோல் ஒளிரும். அதே வேளையில், சற்று முன் எண்ணியதைப் பற்றிக்கொள்ளும் நினைவாற்றல் தளரும். இளமையிலேயே தொடங்கி நெடுநாள் மிகுதியாகப் பயன்படுத்துவோர்க்கு உளப்பிறழ்வு நேரும் அபாயம் கூடுதல் என்பது மருத்துவ ஆய்வுகளில் வெளிப்பட்டுள்ளது. சிவமூலி என்னும் பெயர் சித்த மருத்துவத்தில் உள்ளதே. ஆனால், அங்கு அது நோய்க்கு மருந்து. சுத்தி செய்யப்பட்டு, பிற சரக்குகளோடு கூட்டப்பட்டு, அளவறிந்து கொடுக்கப்படுவது. காசியிற் சிவராத்திரியன்று பாங்கு பருகுதல் வழக்கமாயினும், யாழ்ப்பாணத்துச் சிவாலயங்களில் அவ்விரவுக்குரியன உபவாசமும் நான்கு யாமப் பூசையும் கண்விழித்தலுமே. விழித்திருத்தலையே விரதமாகக் கொண்ட இரவில் மயக்கும் பொருளுக்கு இடமில்லை.

இவற்றின் வேறாக மற்றொரு வகுப்புப் பொருள்கள் உள. உண்டவன் விழிப்போடு இருப்பான்; தனக்கு நிகழ்ந்ததைப் பெரும்பாலும் பின்னர் எடுத்துரைக்கவும் வல்லனாவான். திருமூலர் கூறிய மறதி இங்கு அவ்வளவாக இல்லை. ஆதலின், இவற்றைத் தனியே ஆராய்தல் வேண்டும்.

அவற்றுள் முதலாவது மெஸ்கலின். மெக்சிக்கோவின் வடபகுதியிலும் அதனை அடுத்த நாட்டிலும் வளரும் பெயோட்டி என்னும் முள்ளற்ற சிறு கள்ளியில் அது உள்ளது. ஜேர்மனியரான ஹெப்ற்றர் 1897இல் அதனைப் பிரித்தெடுத்தார். 1919இல் ஸ்பேத் அதனைச் செயற்கையாக ஆக்கினார். அமெரிக்கப் பழங்குடியினர் 1918இற் பதிவு செய்த திருச்சபையொன்றில், நெருப்பைச் சூழ்ந்திருந்து இரவு முழுவதும் பாடி வழிபடும்போது அக்கள்ளியை அருட்பொருளாக உண்பர். இரண்டாவது சைலோசைபின், மெக்சிக்கோவின் தென்மலை நாட்டு மசாத்தெக் மக்கள் நோய் தீர்க்கும் சடங்கிற் பயன்படுத்திய காளான்களில் உள்ளது. மூன்றாவது எல்.எஸ்.டி. தானியக் கதிரைப் பற்றும் ஒருவகைப் பூஞ்சணத்தின் சரக்கிலிருந்து, சுவிற்சர்லாந்தின் பேசல் நகரில் அல்பேட் ஹொப்மன் 1938இல் அதனை ஆக்கினார். 1943ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 19ஆம் நாள் அவர் அதனைத் தாமே உண்டு சோதித்தார். காளானின் சைலோசைபினை 1958இற் பிரித்தறிந்தவரும் அவரே. நான்காவது அமேசன் காட்டு மக்களின் அயவாஸ்கா என்னும் குடிநீர். இது இரண்டு மூலிகைகளின் கூட்டு. ஒன்றிலுள்ள சரக்கு வயிற்றில் அழிந்துவிடும் இயல்பினது. மற்றது அவ்வழிவைத் தடுத்து அதனைப் பயன்பெறச் செய்வது. மருந்துக்குத் துணைமருந்து கூட்டும் நம் வைத்தியர் இந்நுட்பத்தை நன்கு மதிப்பர்.

அளவினால் இவை பெரிதும் வேறுபடுகின்றன. ஆங்கில எழுத்தாளர் அல்டஸ் ஹக்ஸ்லி 1953இல் உண்ட மெஸ்கலின் 400 மில்லிகிராம். ஹொப்மன் உண்ட எல்.எஸ்.டி. கால் மில்லிகிராமே, முன்னதில் 1600இல் ஒரு பங்கு. தன்மையினாலும் இவை வேறுபடும் என நெடுங்காலம் நம்பப்பட்டது. மெஸ்கலின் புறத்தே நிறமும் வடிவும் பொலியச் செய்யும், காளான் அகத்தே கனவுபோல் இழுக்கும், எல்.எஸ்.டி. எண்ணங்களை விரையச் செய்யும் என்றனர். ஆனால் பேசல் நகரிலேயே 32 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இம்மூன்றையும் நிகரான அளவிற் கொடுத்து ஒப்பிட்டபோது, அனுபவத்தின் தன்மையிற் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. வேறுபட்டது கால அளவே: மெஸ்கலின் ஏறத்தாழ 11 மணி நேரமும், எல்.எஸ்.டி. 8 மணி நேரமும், சைலோசைபின் 5 மணி நேரமும் நின்றன. மூன்றும் மூளையிற் செரொற்றோனின் என்னும் பொருளை ஏற்கும் ஒரே வகை வாயிலையே முதன்மையாகத் தாக்குவன என்பது அதற்குக் காரணமாதல் கூடும்.

இம்முடிபு ஊன்றி நோக்கத்தக்கது. பொருள்கள் ஒத்திருப்பவும் ஒருவன் பேரின்பத்தையும் மற்றொருவன் பேரச்சத்தையும் அடைகின்றான் எனின், அவ்வேறுபாடு பெரிதும் உண்டவனிடத்தும் உண்ட சூழலிடத்தும் உள்ளதாதல் வேண்டும். மேலை ஆய்வாளர் உண்பவனின் மனநிலையையும் உண்ணும் இடத்தின் நிலையையும் தனித்தனியே ஆராயத் தொடங்கியது இதனாலேயே. சித்த மருத்துவம் இவ்வுண்மையை நெடுநாளாகவே மூன்று சொற்களாற் போற்றி வந்தது: சுத்தி, அனுபானம், பத்தியம். நஞ்சு சுத்தியினால் மருந்தாகும், அனுபானத்தினால் வழிப்படும், பத்தியத்தினாற் பயன்தரும். இம்மூன்றும் நீங்கின் மருந்தே நஞ்சாம்.

மசாத்தெக் நாட்டின் வரலாறு இதற்குச் சான்று. அங்கே மரியா சபீனா என்னும் மருத்துவ மூதாட்டியின் இரவுச் சடங்கில் 1955இல் அமெரிக்கரான கோடன் வாசன் கலந்துகொண்டு காளானை உண்டார். 1957இல் அதனைப் பெயர்பெற்ற இதழொன்றில் எழுதினார். பின்னர் அயல்நாட்டார் கூட்டங் கூட்டமாக அவ்வூரைத் தேடிச் சென்றனர். அவ்வூரார் காளானை உண்டது நோயாளியின் நோய்க்குக் காரணம் அறிவதற்கு. வந்தவர்கள் கேட்டதோ கடவுட் காட்சி. சடங்கின் கட்டுப்பாடு குலைந்தது. ஊரார் சினம் அம்மூதாட்டியின்மேற் பாய்ந்தது. அவர் வீடும் எரிக்கப்பட்டது. காளானின் பழைய ஆற்றல் அகன்றுவிட்டது என்று அவர் முதுமையில் வருந்தினார். பத்தியம் இல்லா மருந்து, உண்டவரை மட்டுமன்றிக் கொடுத்தவரையும் கெடுத்தது.

இனி, இவற்றால் உண்டாகும் அனுபவம் மெய்யுணர்வாகுமா என்பது வினா. ஹக்ஸ்லி, கலிபோர்ணியாவின் வேதாந்த சங்கத்தோடு தொடர்பு கொண்டவர். மெஸ்கலின் உண்டபோது பூச்சாடியிலிருந்த மலர்களும் உடையின் மடிப்புகளும் அளவற்ற பொருளுடையனவாய் ஒளிர்ந்தன என்றும், சச்சிதானந்தம் என்னும் சொல்லின் பொருளை அன்று உணர்ந்ததாகவும் அவர் 1954இல் வெளியிட்ட நூலிற் கூறினார். எனினும், அதனையே முத்தி என்று அவர் கொள்ளவில்லை. வீடுபேற்றுக்கு இன்றியமையாதது அன்று, ஆயினும் உதவக்கூடும் என்றே மதிப்பிட்டார். 1962இல் எழுதிய ‘ஐலண்ட்’ என்னும் கதையிலோ, கற்பனைத் தீவொன்றின் மக்கள் உண்ணும் காளானுக்கு ‘மோட்ச’ மருந்து என்றே பெயரிட்டார்.

அவரை மறுத்தவர் ஒக்ஸ்போட் பேராசிரியர் சேனர். டாக்டர் இராதாகிருஷ்ணன் வகித்த கீழைச் சமயப் பேராசிரியர் பதவியில் அவருக்குப்பின் அமர்ந்தவர் அவர். 1955இல் அவரும் மெஸ்கலினை உண்டார். அவருக்கு நேர்ந்தது அடக்கவொண்ணாச் சிரிப்பே, தெய்வக் காட்சியன்று. இயற்கையோடு ஒன்றாதல், ஆன்மா தன்னிலே தனித்து நிற்றல், இறைவனோடு அன்பினாற் கூடுதல் என மூன்றையும் வேறு பிரித்து, மருந்து தருவது கூடினும் முதலாவதையே என அவர் 1957இல் எழுதினார்.

இவ்வாதம் ஆய்வுக் கூடத்தையும் அடைந்தது. 1962இற் பெரிய வெள்ளியன்று பொஸ்ரன் பல்கலைக்கழக ஆலயத்தில், வோல்ரர் பாங்கி என்பார் இறையியல் மாணவர் 20 பேரை இருபகுதியாக்கி, 10 பேருக்குச் சைலோசைபின் கொடுத்தார். உண்டவருட் பெரும்பாலோர் ஆழ்ந்த சமய அனுபவம் எய்தியதாகக் கூறினர். ஆயின், ஒருவர் பெரிதும் கலங்கி, மயக்கமருந்து ஏற்றி அடக்கவேண்டிய நிலைக்கு ஆளானது முதல் அறிக்கையில் இடம்பெறாமை 1991இல் வெளிவந்த மீளாய்வினாலேயே தெரிந்தது. 2006இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 36 பேரிடம் செய்த ஆய்வில், மூன்றில் இரு பங்கினர் அவ்வனுபவத்தைத் தம் வாழ்வின் மிகப் பொருள் பொதிந்த ஐந்து அனுபவங்களுள் ஒன்றாக எண்ணினர். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கடும் அச்சத்துக்கும் ஆளாயினர். இவற்றை வெறும் மயக்கம் என ஒதுக்குதல் நேர்மையன்று. மெய்ஞ்ஞானம் எனக் கொள்ளுதலும் அவசரமாகும்.

வேதத்திற் சோமபானம் உண்டே என வினவுவாரும் உளர். இருக்கு வேதத்தின் ஒன்பதாம் மண்டலம் முழுவதும் சோமத்தையே போற்றுகின்றது. அது சிவப்புக் குடைக்காளானே என்று முன்கூறிய வாசன் 1968இல் வாதித்தார். வேறு செடிகளைக் காட்டியோரும் உளர். எச்செடியாயினும், வேள்விகளில் அதற்கு வேறு கொடி பதிலாக வைக்கப்பட்டது. வேதாந்தமோ சோமத்தைத் தேடி மலையேறாது அகத்தே திரும்பியது. மூலச்செடி மறைந்தும் ஞானமரபு மறையவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது.

சைவசித்தாந்தம் இவ்விடத்து நுண்ணியதோர் அளவுகோலைத் தருகின்றது. ஆன்மா கருவிகள் இன்றி ஆணவ இருளில் அழுந்தியிருக்கும் நிலை கேவலம். கருவிகளோடு கூடிச் சிறிதறியும் நிலை சகலம். அருளொளியில் நிற்கும் நிலை சுத்தம். கள்ளும் அபினும் ஆன்மாவைக் கேவலத்தை நோக்கித் தள்ளுவன. ஊமத்தை சகலத்தைக் குலைப்பது. மெஸ்கலின் முதலியன சகலத்தை விரிப்பன. கருவிகளின் தடை தளர, வழக்கத்திற் காணாதன காணப்படும். ஆயினும், காண்பது கருவிகளின் வழியாகவே. ஆதலின் அது பாசஞானத்தின் எல்லையைக் கடந்ததன்று. ‘நான்’ என்பதே சில மணிநேரம் கரைந்தது என்பார்க்கும் விடை இங்கு உண்டு. ‘நான்’ எழாமை கேவலத்திலும் உண்டு. நாள்தோறும் உறக்கத்திலும் உண்டு. எழாதிருத்தல் ஒன்று, நீங்குதல் மற்றொன்று.

சிவஞானபோதத்தின் எட்டாஞ் சூத்திரம் காட்டும் உவமை இதனை விளக்கும். வேடர்களிடையே வளர்ந்த அரசகுமாரன் தன்னை வேடனாகவே எண்ணியிருந்தான். அவனை மீட்டது அரண்மனையின் காட்சியன்று. ‘நீ வேடனல்லை’ என்று தந்தை வந்து உணர்த்திய சொல். அரண்மனையைத் தொலைவிற் கண்ட வேடன், கண்டபின்னும் வேடனே. மருந்து அக்காட்சியை ஒருகாற் காட்டலாம்; உறவை உணர்த்துதல் அதன் தொழிலன்று. பதஞ்சலியும், ஐவகையாற் பிறந்த சித்தங்களுள் தியானத்திற் பிறந்ததே வினையின் எச்சம் இன்றி நிற்கும் என, மூலிகையைக் கூறிய அதே பாதத்தின் ஆறாஞ் சூத்திரத்தில் முடித்தார். வாயில்களை எண்ணியவரே அவற்றின் தரத்தையும் வகுத்துவிட்டார்.

இவ்வுண்மை யாழ்ப்பாணத்துக் கிராமத்தார்க்கும் தெரிந்ததே. கோயில் விழாவில் உடுக்கும் பறையும் முழங்க ஒருவருக்கு உரு வருகின்றது. மருந்தொன்றும் இன்றியே அவர் நிலை மாறுகின்றது. ஊரார் அவரை வணங்கி வாக்குக் கேட்பர். உரு தணிந்தபின், அது பற்றி அவரை ஞானி என்று எவரும் கொள்வதில்லை. நிலைமாற்றம் வேறு, ஞானம் வேறு என்பதை அம்மக்கள் சொல்லாமலே அறிவர்.

ஹக்ஸ்லி மெஸ்கலினை உண்ட அதே காலத்தில், மெய்யுணர்வு நாடிய மேல்நாட்டார் சிலர் கொழும்புத்துறையில் ஓர் எளிய குடிலைத் தேடி வந்தனர். அங்கிருந்தவர் 1964இல் மகாசமாதி எய்திய யோகசுவாமிகள். 1949 முதல் 1954 வரை இலங்கையின் மகாதேசாதிபதியாயிருந்த சோல்பரிப் பிரபுவின் மைந்தர் அவருக்கு மாணவராகி, சந்தசுவாமி எனப் பெயர் பெற்றார். யோகசுவாமிகள் தாமும் நல்லூர்த் தேரடியிற் செல்லப்பா சுவாமிகளின் ஏச்சையும் பேச்சையும் ஏற்றுப் பல்லாண்டு பக்குவப்பட்டவர். அவர் பிறர்க்கு வழங்கியது விழுங்கும் பொருளன்று. சும்மா இருக்கும் பயிற்சியும் சிவதொண்டும். தன்னைத் தேடி வந்தவனை அவர் பிறர்க்குத் தொண்டு செய்ய அனுப்பினார். ஹாவாட் பல்கலைக்கழகத்தில் இம்மருந்துகளை ஆராய்ந்து 1963இல் விலக்கப்பட்ட றிச்சாட் அல்பேட்டும், 1967இல் இமயச் சாரலில் நீம் கரோலி பாபாவைக் கண்டபின் ராம் தாஸ் எனப் பெயர் பெற்று, பத்தியையும் தொண்டையுமே தம் வழியாகக் கொண்டார் என்பது ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

ஆகவே, இப்பொருள்கள் அனைத்தையும் ஒன்றாக அடக்குதல் பிழை. கள், அபின், ஊமத்தை ஆகியவை தன்னாய்வுக்கு எவ்வகையிலும் கருவியாகா. கஞ்சா நினைவை அறுப்பதனால் ஆய்வையே அறுக்கின்றது. மெஸ்கலின், சைலோசைபின், எல்.எஸ்.டி., அயவாஸ்கா ஆகியவை மனத்தின் மறைந்த பகுதிகளைக் காட்டவல்லன. மனச்சோர்வு முதலிய நோய்களுக்கு மருத்துவர் மேற்பார்வையிற் சைலோசைபின் உதவுமோ என்னும் ஆராய்ச்சியும் நடைபெறுகின்றது. ஆயினும், குடும்பத்தில் உளப்பிறழ்வு நோய் உள்ளோர்க்கு இவை பெருங்கேடு விளைத்தல் கூடும். சட்டத்தின் தடையும் உண்டு. கள்ளத்தோணியில் வரும் பொதியிற் சுத்தியுமில்லை, அனுபானமுமில்லை, பத்தியமுமில்லை.

மாணவன் ஒருவன் ‘சித்தர் உண்டனரே’ என்று வினவும்போது, அவனைச் சினந்து வாயடைத்தலால் ஆவது ஒன்றுமில்லை. அவன் வினா பதஞ்சலியும் திருமூலரும் எடுத்து ஆராய்ந்த வினா. அவர்கள் விடையையும் அவன் அறிதல் வேண்டும். மருந்தின் வேகம் தணிந்தபின் எஞ்சுவது யாது? சினம் குறைந்ததா? பொய் குறைந்ததா? பிறர் துன்பம் கண்டு உள்ளம் இளகியதா? தியானமாயினும் மருந்தாயினும் உருவாயினும் இவ்வினாக்களுக்கு விடையிறுத்தே ஆகவேண்டும். சில மணிநேரம் திறந்து மூடும் கதவைக் காட்டிலும், நாள்தோறும் தன் கையால் ஒரு விரலளவு திறக்கப்படும் கதவே வீட்டினுள் ஒளியை நிலைபெறச் செய்யும்.